அப்பாவின் காசுப் பெட்டியும் விமான நிலையச் சோதனையும்

கேள்வி: என் தந்தை ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் பார்த்துப் பார்த்துச் சேர்த்த பழங்காசுகள் அவர் காலத்துக்குப் பின் என் பொறுப்பில் வந்துள்ளன. மொத்தம் 620 காசுகள் இருக்கும். அவற்றில் பிரிட்டிஷ் கால வெள்ளி ரூபாய்கள் மட்டும் 180. பொன்னில் பதினான்கு வீரராயன் பணம் என்ற சிறு காசுகளும் மூன்று வராகன் காசுகளும் உள்ளன. மீதி சோழர், நாயக்கர் காலச் செப்புக்காசுகளும் சுதந்திர இந்தியாவின் நாணயங்களும். தனியாக ஓர் உறையில் 2016இல் செல்லாததாக அறிவிக்கப்பட்ட 500 ரூபாய் நோட்டுகள் முப்பதுக்கு மேல் கிடக்கின்றன. மதிப்பீட்டுக்காகக் கோவையிலிருந்து மும்பைக்கு விமானத்தில் எடுத்துச் செல்ல எண்ணியுள்ளேன். பிறகு ஒரு பகுதியைச் சிங்கப்பூரில் உள்ள மகனிடம் சேர்க்க விருப்பம். கைப்பையில் கொண்டு போகலாமா? எக்ஸ்-ரேயில் வெள்ளி கறுத்துவிடும் என்கிறார் ஒரு நண்பர். எல்லோர் முன்னிலையிலும் பெட்டியைத் திறக்கச் சொன்னால் என்ன செய்வது? பேசாமல் வீட்டார் நால்வரும் பிரித்து உடம்பில் வைத்துக்கொண்டு போய்விடுங்கள் என்று இன்னொருவர் யோசனை சொல்கிறார். தங்கள் அறிவுரை தேவை.
— வங்கிப் பணியில் ஓய்வு பெற்ற வாசகர், ஈரோடு

பதில்: அன்புள்ள ஐயா, உங்கள் கடிதத்தில் இரண்டு வேறு வேறு அச்சங்கள் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன, முதலில் அவற்றைப் பிரித்துக்கொள்வோம். விமான நிலையத்தில் பையைச் சோதிக்கும் மத்திய தொழில் பாதுகாப்புப் படை வீரர் பார்ப்பது, இந்தப் பைக்குள் இருப்பது விமானத்துக்கு ஆபத்தானதா என்பதை மட்டுமே. சுங்க அதிகாரி கேட்பதோ, இந்தப் பொருள் நாட்டை விட்டு வெளியே போகலாமா என்பது. காசு ஆயுதமில்லை என்பதால் முன்னவர் உங்களை விட்டுவிடுவார். அவர் விட்டுவிட்டார் என்பதற்காகப் பின்னவரும் விடுவார் என்று நினைத்துக்கொண்டு மாட்டியவர்கள் உண்டு. மும்பைப் பயணத்தில் உங்களுக்கு முன்னவர் ஒருவரே. சிங்கப்பூர்ப் பயணத்தில் இருவரும் இருக்கிறார்கள், அங்கேதான் உண்மையான சிக்கலும் இருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

மும்பைக்குக் கைப்பையில்தான் கொண்டு போக வேண்டும், இதில் இரண்டாவது யோசனைக்கே இடமில்லை. செக்-இன் பெட்டியில் பணம், நகை, விலைமதிப்புள்ள உலோகம் ஆகியவற்றை வைக்கக் கூடாது என்றும், வைத்துத் தொலைந்தால் பொறுப்பேற்க மாட்டோம் என்றும் விமான நிறுவனங்கள் பயண நிபந்தனைகளிலேயே எழுதி வைத்திருக்கின்றன. சர்வதேசப் பயணத்தில் மான்ட்ரியல் ஒப்பந்தப்படி தொலைந்த உடைமைக்கு ஒரு பயணிக்குக் கிடைக்கக்கூடிய உச்சவரம்பு 2024 டிசம்பர் இறுதியிலிருந்து 1,519 எஸ்.டி.ஆர். (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு), அதாவது ஏறக்குறைய 2,000 அமெரிக்க டாலர். உள்நாட்டுப் பயணத்துக்கான வரம்பு அதைவிட மிகக் குறைவு. உங்கள் மூன்று வராகனுக்கே அது காணாது.

ஆனால் 620 காசையும் ஏன் சுமக்க வேண்டும் என்பது என் கேள்வி. வெள்ளி ரூபாய் ஒன்றின் எடை 11.66 கிராம், 180 ரூபாய்க்கு வெறும் காசே இரண்டு கிலோவைத் தாண்டிவிடும். மற்ற காசுகள், ஆல்பம், உறைகள், பெட்டி என்று கூட்டினால், பெரும்பாலான உள்நாட்டு விமானங்களில் கைப்பைக்கு அனுமதிக்கப்படும் ஏழு கிலோவை நெருங்கிவிடுவீர்கள்; கவுன்ட்டரில் எடை போட்டு, 'இதை செக்-இன்னில் போடுங்கள்' என்று ஒருவர் சொல்லும் நிலையை நீங்களே உண்டாக்கிக்கொள்கிறீர்கள். மதிப்பீட்டுக்கு நேரில் பார்க்க வேண்டியவை எத்தனை? விக்டோரியா, எட்வர்ட் கால ரூபாய்களில் பெரும்பாலானவை வெள்ளி விலைக்குச் சற்று மேல் போகக்கூடிய சாதாரண ஆண்டுகளாகவே இருக்கும்; இருபுறமும் எடுத்த தெளிவான படம் போதும். கையில் எடுத்து, லூப் என்ற உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தே தீர வேண்டியவை வேறு. 1911ஆம் ஆண்டு ரூபாய் இருந்தால் அது ஒன்று: அரசரின் மேலங்கிச் சங்கிலியில் இருந்த யானை பன்றியைப் போலத் தெரிகிறது என்று எதிர்ப்பு எழுந்து திரும்பப் பெறப்பட்டதால், அதைப் 'பன்றி ரூபாய்' என்றே எங்கள் தொழிலில் சொல்வோம். 1939ஆம் ஆண்டு ரூபாய் இன்னொன்று. போலி மலிந்த ஆண்டு அது, படத்தை வைத்து நான் ஒருபோதும் கருத்துச் சொல்வதில்லை. வராகன், பணம், நல்ல நிலையில் உள்ள ராஜராஜன் காசு சில. வடிகட்டினால் நாற்பது, ஐம்பது காசுகள் மிஞ்சும். ஒரு டிபன் பாக்ஸ் அளவுப் பெட்டியில் அடங்கிவிடும்.

எக்ஸ்-ரேயைப் பற்றி உங்கள் நண்பர் சொன்னது சரியன்று. பைகளைப் பார்க்கும் கதிர் உலோகத்தை ஒன்றும் செய்யாது. தபால்தலைக்கும் காகிதத்துக்கும்கூடக் கேடில்லை. கழுவாத ஃபிலிம் சுருள் வைத்திருப்பவர்தான் கவலைப்பட வேண்டும். உங்கள் நண்பருடைய வெள்ளி கறுத்திருந்தால், காசுகளைத் தாளில் உருட்டி ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்தாரா என்று கேளுங்கள். ரப்பரில் உள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்க வைக்கும். அப்படி உருட்டி வைப்பது இன்னொரு வகையிலும் தவறு. ஸ்கேனர் திரையில் துணி, காகிதம், உணவு ஆகியவை ஆரஞ்சு நிறத்திலும் உலோகம் நீலத்திலும் தெரியும். உலோகம் தடிமனாக அடுக்கியிருந்தால் கதிர் ஊடுருவாமல் அந்த இடம் கறுப்புக் கட்டியாகிவிடும். கட்டிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாத எந்த அதிகாரியும் பையைத் திறக்கத்தான் சொல்வார், அது அவர் கடமை. காசுகளை ஒன்றன்மேல் ஒன்றாக இல்லாமல் பக்கம் பக்கமாகப் பரப்பி, இரண்டு மூன்று அடுக்குக்கு மேல் போகாமல் வைத்தால், திரையில் வட்ட வட்டமாகக் காசு காசாகவே தெரியும். பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்தது.

ஒவ்வொரு காசும் தனித்தனிக் கண்ணாடி உறையில் இருக்கட்டும். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் மெத்தென்ற பி.வி.சி. உறை நாள்பட்டால் பச்சை பூத்துச் செம்பைத் தின்றுவிடும். விறைப்பான பாலியெஸ்டர் உறையாகக் கேட்டு வாங்குங்கள். உறைக்குள் இருந்தால் சோதிப்பவர் இருபுறமும் பார்த்துக்கொள்ளலாம், அவருடைய விரல் காசில் படாது. வழியில் துடைக்கலாம் என்று அசிட்டோன் பாட்டிலைப் பையில் போட்டுவிடாதீர்கள். எளிதில் தீப்பற்றும் திரவம் என்பதால் கைப்பையிலும் ஆகாது, செக்-இன்னிலும் ஆகாது.

இனிச் சோதனை மேடை. பொருள் தொலைவது ஸ்கேனருக்குள் இல்லை; பை ஒருபுறமும் நீங்கள் மறுபுறமும் இருக்கும் அந்த ஒன்றிரண்டு நிமிடங்களில்தான் தொலைகிறது. நம் விமான நிலையங்களில் பையை பெல்ட்டில் விட்டபின், உலோகம் காட்டும் வாசல் சட்டத்துக்குள் நடந்து, சிறு மேடை மீது ஏறிக் கையை விரித்து நின்று, முன்னும் பின்னும் கைக்கருவியால் தடவ விட்டு, பிறகுதான் பையிடம் போக முடியும். பெண்களுக்குத் திரை மறைவில் தனிச் சோதனை என்பதால் அவர்களுக்கு இன்னும் சற்று நேரம் பிடிக்கும். அதற்குள் உங்கள் ட்ரே வெளியே வந்து, பத்துப் பேர் கைகளுக்கு நடுவே நின்றுகொண்டிருக்கும். ஆகவே தனியாகப் போகாதீர்கள். உங்கள் மனைவியோ உறவினரோ உடன் வந்தால், ஒருவர் வெறுங்கையோடு முதலில் சோதனையை முடித்துக்கொண்டு பெல்ட்டின் மறுமுனையில் போய் நிற்கட்டும். அவர் அங்கே நிற்பது உங்கள் கண்ணுக்குத் தெரிந்த பிறகே காசுப் பையை உள்ளே விடுங்கள். தனியாகப் போக நேர்ந்தால் செல்போன், பெல்ட், மணிபர்ஸ் எல்லாவற்றையும் முதல் ட்ரேயில் அனுப்பிவிட்டு, முன்னால் நிற்பவர் நகர்ந்து உங்கள் முறை வந்த நொடியில் காசுப் பையைக் கடைசியாக அனுப்புங்கள். பின்னால் நிற்பவர் அவசரப்படுத்துவார். படுத்தட்டும்.

பையை விடும் முன்பே அங்கே இருக்கும் வீரரிடம், 'இதில் பழைய நாணயங்கள் இருக்கின்றன, திறக்க வேண்டுமானால் நான் உடன் இருக்க விரும்புகிறேன்' என்று மெல்லிய குரலில் சொல்லிவிடுங்கள். திறக்கச் சொன்னால் மறுக்காதீர்கள். மேலதிகாரி முன்னிலையில் சற்று ஒதுக்குப்புறமாக வைத்துப் பார்க்க முடியுமா என்று பணிவாகக் கேளுங்கள். என் அனுபவத்தில், முகம் சுளிக்காமல் கேட்டவருக்கு இந்த உதவி பெரும்பாலும் கிடைத்திருக்கிறது. பணியில் இருப்பவர்களில் பலர் வெளிமாநிலத்தவர் என்பதையும் மனத்தில் வையுங்கள். காசுப் பட்டியல் தமிழில் மட்டும் இருந்தால் பயனில்லை, ஆங்கிலப் பிரதி ஒன்று கையில் இருக்க வேண்டும்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். பல ஆண்டுகளுக்கு முன், ஒரு வாடிக்கையாளரின் காசுகளோடு பெரிய நகரம் ஒன்றின் விமான நிலையத்தில் நின்றேன். பையைத் திறக்கச் சொன்னார்கள். விமானத்துக்கு நேரமாகிவிட்ட பதற்றத்தில், எல்லோரும் பைகளைத் தள்ளிக்கொண்டிருந்த அந்த மேசை மேலேயே, வீரராயன் பணங்களைப் போட்டு வைத்திருந்த சின்னப் பொட்டலத்தை நானே பிரித்தேன். ஒரு பணம் அரைக் கிராம்கூட எடையில்லாதது, பருப்பை விடச் சற்றுப் பெரிய பொன் தகடு. எண்ணிப் பார்த்தால் ஒன்று குறைகிறது. மேசைக்கு அடியில், ட்ரே மடிப்பில், என் சட்டைப் பையில், உருளைகளின் இடுக்கில் என்று இருபது நிமிடம் தேடினோம். கடைசியில் சோதித்த வீரர் தன் ரப்பர் கையுறையைக் கழற்றப் போனபோது, சுண்டுவிரலின் உள்பக்கத்தில் ஒட்டிக்கொண்டு மின்னியது அந்தப் பணம். அவர் சிரித்தார், எனக்குச் சிரிப்பு வரவில்லை. விமானமும் போய்விட்டது. குற்றம் அவருடையதன்று, தனி உறையில் போடாமல் பொட்டலம் கட்டியவன் நான். அன்றிலிருந்து பணங்களை மூடி திருகும் கண்ணாடிச் சிமிழில் ஒவ்வொன்றாக வைத்து, மூடி மேல் எண் எழுதித்தான் கொண்டு போகிறேன். உங்கள் பதினான்குக்கும் அப்படியே செய்யுங்கள்.

நால்வர் இடுப்பில் பிரித்து வைக்கும் யோசனையை மறந்துவிடுங்கள். உலோகம் காட்டும் சட்டத்துக்குள் உலோகத்தைக் கட்டிக்கொண்டு நடப்பதைப் போன்ற வெகுளித்தனம் வேறில்லை. நான்கு பேரும் ஒருவர் பின் ஒருவராக ஒலி எழுப்பினால், பழைய காசு என்று நீங்கள் சொல்லும் உண்மையையே ஏன் ஒளித்தீர்கள் என்ற கேள்வி முந்திக்கொள்ளும். பையில் இருந்தால் அது சேகரிப்பு. வேட்டி மடிப்பில் இருந்தால் கடத்தல் என்று தோன்றுவதில் யாரையும் குறை சொல்ல முடியாது.

சோதனை முடிந்த பிறகும் ஒரு கண்ணி இருக்கிறது. விமானம் நிரம்பியிருந்தால், மேல் தட்டில் இடமில்லை என்று ஏறும் வாசலிலேயே சக்கரப் பெட்டிகளை வாங்கிக் கீழே போட்டுவிடுவார்கள். எனவே காசுப் பெட்டி, முன் இருக்கைக்கு அடியில் நுழையும் அளவு சிறிய தோள்பையில் இருக்க வேண்டும். முதல் வரிசை, அவசர வழி வரிசை இரண்டையும் தவிர்த்துவிடுங்கள். அங்கே காலடியில் பை வைக்க விடமாட்டார்கள்.

காகிதங்களுக்கு வருவோம். ஒவ்வொரு காசுக்கும் எண், எடை, விட்டம், இருபுறப் படம் கொண்ட பட்டியல் ஒன்று வேண்டும். உங்கள் தந்தை வைத்திருந்த பழைய ரசீதுகள், கண்காட்சியில் வாங்கிய சீட்டுகள், அவர் கைப்பட எழுதிய குறிப்பேடு எதையும் எறிந்துவிடாதீர்கள்; காசு எங்கிருந்து வந்தது என்று நாளை யாராவது கேட்டால் அவைதான் பேசும். விலை எழுதிய தாளைத் தனியே வையுங்கள்; பெட்டியின் மதிப்பைப் பெட்டிக்குள்ளேயே எழுதி வைப்பானேன்? பயணக் காப்பீடு எடுப்பதானால் அதற்கும் இந்தப் பட்டியல்தான் அடிப்படை. வீட்டுக் காப்பீடு பொதுவாக வாசற்படியோடு நின்றுவிடும் என்பதால், வழிப்பயணத்துக்கும் சேர்த்தா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். தேர்தல் நடத்தை விதிமுறை அமலில் இருக்கும் நாட்களாக இருந்தால், ஈரோட்டிலிருந்து கோவை போகும் சாலையிலேயே பறக்கும் படையினர் காரை நிறுத்தக்கூடும். விமான நிலையத்தில் கேட்கப்படாத ஆவணம் அங்கே கேட்கப்படும். காட்ட முடியாவிட்டால் பெட்டி கருவூலத்துக்குப் போய்விடும். முடிந்தால் அந்த நாட்களைத் தவிருங்கள்.

மும்பையில் யாரிடம் கொடுக்கிறீர்கள் என்பதிலும் கவனம் தேவை. தொல்பொருள்களை வாங்கி விற்கும் தொழிலுக்கு உரிமம் வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. உரிம எண்ணைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம். பெட்டியை ஒப்படைத்தால், எண்ணும் எடையும் குறித்த கையெழுத்திட்ட ரசீது இல்லாமல் திரும்பாதீர்கள்.

இப்போது சிங்கப்பூர். 1972ஆம் ஆண்டு தொல்பொருள்கள் மற்றும் கலைப் புதையல்கள் சட்டப்படி, நூறு ஆண்டுகளுக்குக் குறையாத வயதுடைய எந்த நாணயமும் தொல்பொருள். தொல்பொருளை மத்திய அரசோ அது அதிகாரம் அளித்த அமைப்போ தவிர வேறு யாரும் ஏற்றுமதி செய்ய முடியாது. மீறினால் ஆறு மாதத்துக்குக் குறையாத, மூன்றாண்டு வரை நீளக்கூடிய சிறைத்தண்டனையும் அபராதமும் உண்டு. பொருளைச் சுங்கத்துறை பறிமுதல் செய்வது தனி. இந்தச் சட்டத்தில் விற்பனை, அன்பளிப்பு என்ற வேறுபாடு கிடையாது. தாத்தாவின் நினைவாகப் பேரனிடம் கொடுக்கக் கொண்டு போகிறேன் என்பது நல்ல காரணம்தான், ஆனால் சட்டத்தின் முன் அது காரணமே ஆகாது. மலிவானதுதானே என்றும் வாதாட முடியாது. சந்தையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் தேய்ந்த ராஜராஜன் காசும் ஆயிரம் ஆண்டுப் பழைமை உடையதே.

பலரும் தவறுவது இங்கேதான்: நூறு ஆண்டு என்பது நின்றுவிட்ட கோடு அன்று, ஒவ்வொரு ஜனவரியிலும் ஓர் ஆண்டு முன்னால் நகரும் கோடு. ஐந்தாம் ஜார்ஜ் உருவம் பொறித்த வெள்ளி ரூபாய் புழக்கத்துக்காக 1911 முதல் 1922 வரைதான் அச்சானது; எனவே அவை அனைத்தும் கோட்டைக் கடந்து தொல்பொருளாகிவிட்டன. 'நம் அப்பா காலத்துக் காசுதானே' என்று தோன்றும் அதே ஜார்ஜின் 1936ஆம் ஆண்டுக் காலணா இன்னும் கடக்கவில்லை. தலையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், ஆண்டைப் பாருங்கள். ஆண்டு பொறிக்கப்படாத பணம், வராகன், நாயக்கர் காசு எல்லாவற்றையும் ஈரோட்டிலேயே வைத்துவிடுங்கள். உங்கள் 620இல் பெரும்பகுதி இப்படி நாட்டுக்குள்ளேயே நின்றுவிடும் என்று தெரிகிறது. அதற்கு மாற்று வழி ஏதும் நான் சொல்லப்போவதில்லை.

போகக்கூடியவையும் குறைவில்லை. 1939 ரூபாய், புலி நடக்கும் 1947 நிக்கல் ரூபாய், 1950இன் அணா வரிசை, தசம முறை வந்த 1957ஆம் ஆண்டின் நயா பைசாக்கள், 1964இல் வந்த நேரு நினைவு நாணயம், 1969 காந்தி நூற்றாண்டின் வெள்ளிப் பத்து ரூபாய் என்று ஒரு சிறுவனுக்குக் காட்டிக் கதை சொல்லத் தக்க ஓர் ஆல்பம் நிறைந்துவிடும். ஆனாலும் சுங்க மேசையில் நிற்பவருக்கு 1926க்கும் 1936க்கும் வேறுபாடு நொடியில் தெரிய வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது. ஆகவே இந்தியத் தொல்லியல் துறையின் வட்ட அலுவலகத்தில், சென்னையிலும் திருச்சியிலும் உண்டு, படங்களோடு விண்ணப்பித்து, இவை தொல்பொருள் அல்ல என்ற சான்றைப் பெற்றுக்கொள்ளுங்கள். ஐயம் எழுந்தால் அத்துறையின் தலைமை இயக்குநர் முடிவே இறுதியானது என்று சட்டம் கூறுகிறது; வரிசையில் நின்றுகொண்டு நீங்களும் நானும் செய்யும் வாதத்துக்கு அங்கே மதிப்பில்லை. டிக்கெட் எடுத்த பிறகு விண்ணப்பிக்காதீர்கள், சான்று கைக்கு வந்த பிறகு டிக்கெட் எடுங்கள்.

அவற்றில் எதையாவது திரும்பக் கொண்டுவரும் எண்ணம் இருந்தால், புறப்படும் நாளில் சுங்க மேசையில் பொருளைக் காட்டி ஏற்றுமதிச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் திரும்பும்போது உங்கள் காசுக்கே தீர்வை கேட்கப்படலாம். சிங்கப்பூரில் இறங்கும்போதும் அறிவித்துவிடுவதே சரி. அங்கே இறக்குமதிக்கு 9 விழுக்காடு ஜி.எஸ்.டி.; 48 மணி நேரமோ அதற்கு மேலோ வெளியில் இருந்துவிட்டு வரும் பயணிக்கு 500 சிங்கப்பூர் டாலர் வரை விலக்கு உண்டு, வேலை அனுமதியில் அங்கே வசிப்பவருக்கு அந்த விலக்கு இல்லை. ஆகவே காசுகளை மகன் வந்து எடுத்துப்போவதைவிட நீங்கள் கொண்டு போவது உசிதமாக இருக்கலாம். திரும்பும்போது சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தின் பெரும்பாலான முனையங்களில் பைச் சோதனை விமானம் ஏறும் வாசலிலேயே நடக்கும் என்பதால், கடைசி நேரத்தில் வாசலுக்கு ஓடினால் பையைத் திறந்து காட்டும் பொறுமை உங்களுக்கும் இருக்காது, அவர்களுக்கும் இருக்காது.

கடைசியாக, நீங்கள் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போன அந்த உறை. செல்லாத 500, 1,000 ரூபாய் நோட்டுகளை வைத்திருப்பதற்கு 2017இல் தனிச் சட்டமே வந்தது. யாராயினும் மொத்தம் பத்து நோட்டு வரை வைத்திருக்கலாம். ஆய்வுக்காகவோ நாணயச் சேகரிப்புக்காகவோ என்றால் இருபத்தைந்து வரை. அதற்கு மேல் போனால் பத்தாயிரம் ரூபாய் அல்லது நோட்டுகளின் முகமதிப்பைப் போல ஐந்து மடங்கு, இரண்டில் எது அதிகமோ அது அபராதம். முப்பதுக்கு மேல் என்று எழுதியிருக்கிறீர்கள். மும்பைப் பெட்டியில் அந்த உறை ஏறவே வேண்டாம். இன்றே பிரித்து எண்ணிப் பார்த்து, இருபத்தைந்தைத் தாண்டினால் பயண ஏற்பாட்டைத் தொடங்கும் முன் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.